வயதான ஜெட் விமானங்களைப் பணியில் வைத்திருப்பது எப்படி

1969ஆம் ஆண்டு போயிங் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த ஒரு 737-200 விமானத்துக்கும் 1971இல் வெளிவந்த ஒரு 747-100 விமானத்துக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்தான் வித்தியாசம். முதலாவது அலோகா ஏர்லைன்ஸுக்காக ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்தது. இரண்டாவது அமெரிக்காவின் டிடபிள்யூஏ விமான நிறுவனத்துக்காகப் பெருங்கடல்களைக் கடந்தது. 1988 ஏப்ரலில் முதல் விமானத்தின் பதிவேடு 35,496 மணி நேரத்தையும் 89,680 பயணங்களையும் காட்டியது. 1996 ஜூலையில் இரண்டாவதன் பதிவேடு 93,303 மணி நேரத்தையும் 16,869 பயணங்களையும் காட்டியது. அதாவது, ஒன்று சராசரியாக 24 நிமிடங்களுக்கு ஒரு பயணத்தை முடித்திருக்கிறது. மற்றதற்கு ஒரு பயணம் ஐந்தரை மணி நேரம். இரண்டின் வாழ்வும் விபத்தில் முடிந்தது. ஆனால் அலோகா விமானத்தில் கிழிந்தது உடற்கூட்டின் மேல்தகடு. டிடபிள்யூஏ விமானத்தில் வெடித்தது நடு இறக்கையின் எரிபொருள் தொட்டி. இரண்டையும் 'பழைய விமானம்' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிட்டால், எதை எங்கே தேட வேண்டும் என்பதே மறைந்துபோகும்.

ஆகவே, பழைய விமானங்களை நிர்வகிக்கும் பணிக்குப் புதிதாக வருகிறவர், வயதை ஆண்டுகளில் மட்டும் எண்ணும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். ஆண்டு, பறந்த மணி நேரம், ஏறி இறங்கிய சுற்று என மூன்று கடிகாரங்கள் ஒரே விமானத்துக்குள் வெவ்வேறு வேகத்தில் ஓடுகின்றன. ஆண்டுகள் ஏறஏற அரிப்பு பெருகுகிறது. கம்பிகளின் உறையும் ரப்பர் அடைப்புகளும் காய்ந்து இறுகுகின்றன. மணி நேரம் ஏறஏற எஞ்சினின் வெப்பப் பகுதிகளும் குழாய்களும் பம்புகளும் தேய்கின்றன. சுற்றுகள் ஏறஏறக் கூட்டின் தகடுகளும் சக்கரங்களைத் தாங்கும் லேண்டிங் கியரும் சோர்வடைகின்றன. ஒரு விமானத்தில் இவற்றுள் எது முந்தி ஓடுகிறது என்று தெரிந்த பிறகே அதற்கான பராமரிப்புத் திட்டத்தை எழுதத் தொடங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி விமானப் பராமரிப்புத் துறைக்கு வரும் இளைஞர்களையும், நிறுவனத்தின் விமானத் தொகுப்பைத் திட்டமிடும் பணியில் இருப்பவர்களையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. இன்று இதற்கு அவசரத் தேவை இருக்கிறது. உலகில் பறக்கும் விமானங்களின் சராசரி வயது 2024இல் 14.8 ஆண்டுகளைத் தொட்டு, அதுவரை இல்லாத உயரத்தை எட்டியதாக உலக விமான நிறுவனங்களின் கூட்டமைப்பான ஐயாட்டா தெரிவித்தது. 1990 முதல் அந்த ஆண்டு வரையிலான சராசரி 13.6தான். புதிய விமானங்கள் குறித்த நேரத்தில் வந்து சேராததே இதற்கு முதன்மைக் காரணம். 2020இல் வர வேண்டிய போயிங் 777எக்ஸ் ஆண்டுக்கணக்கில் தள்ளிப்போனது. 2023இல் பிராட் அண்டு விட்னி நிறுவனம் தன் புதிய தலைமுறை எஞ்சின்களில் பயன்படுத்திய உலோகத்தூளில் மாசு கலந்திருந்ததை வெளியிட்டபோது, நூற்றுக்கணக்கான ஏ320நியோ வகை விமானங்கள் சோதனைக்காகத் தரையில் நிற்க நேர்ந்தது. இந்தியாவின் இண்டிகோ, திருப்பிக் கொடுக்கவிருந்த பழைய ஏ320 விமானங்களின் குத்தகையை நீட்டித்துச் சமாளித்தது இந்த நெருக்கடியில்தான். விரும்பியோ விரும்பாமலோ பழைய விமானத்தைப் பறக்கவிடும் நிலை வரும் என்று எதிர்பார்த்து முன்கூட்டியே தயாராகும் நிறுவனத்துக்கும், வந்த பிறகு விழிக்கும் நிறுவனத்துக்கும் பெரிய வேறுபாடு உண்டு.

வரம்பை அறிந்துகொள்ளுதல்

விமானம் ஏறும்போது உள்ளே காற்றழுத்தம் நிலைநிறுத்தப்படுகிறது. வெளியே காற்று மெலிகிறது. உச்ச உயரத்தில் உள்ளிருந்து வெளித்தள்ளும் விசை ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு 5 டன்னுக்கும் மேல். இறங்கும்போது அந்த விசை தணிகிறது. மெல்லிய அலுமினியத் தகடு ஒவ்வொரு பயணத்திலும் இப்படி ஒரு முறை விம்மி ஒரு முறை அடங்குகிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அது முறிவதைப் போலவே, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளை ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் தோன்றுகின்றன. உலோகத்தின் சோர்வு என்பது இதுதான். தனித்தனியே இருக்கும்வரை அவை ஆபத்தற்றவை. அடுத்தடுத்த பல துளைகளில் ஒரே காலத்தில் தோன்றி, ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும்போது முழுத் தகடும் ஒரு நொடியில் பிரிந்துவிடும். அலோகா விமானத்தில் 24,000 அடி உயரத்தில் நிகழ்ந்தது இதுதான். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளத்துக்குக் கூரை பறந்துபோனது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். விமானிகள் அந்த விமானத்தை மவுயித் தீவில் தரையிறக்கிவிட்டார்கள் என்பது இன்றும் வியப்பூட்டுகிறது.

அந்த விபத்துக்குப் பின் 1991இல் அமெரிக்க நாடாளுமன்றம் முதுமை விமானங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. 2010இல் அந்நாட்டு விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் எஃப்ஏஏ அமைப்பு, ஒவ்வொரு பெரிய ஜெட் வகைக்கும் தயாரிப்பாளர் ஒரு செல்லுபடி வரம்பை நிர்ணயிக்க வேண்டும் என்று விதித்தது. எந்தச் சுற்று எண்ணிக்கை வரை, எந்த மணி நேரம் வரை தன் பராமரிப்புத் திட்டம் பரவலான சோர்வைத் தடுக்கும் என்று சோதனைச் சான்றுகளுடன் தயாரிப்பாளரால் உறுதி கூற முடிகிறதோ, அதுவே அந்த வரம்பு. அதைத் தாண்டி அந்த விமானம் பறக்கக் கூடாது. புதிய சோதனைகள் மூலம் வரம்பை நீட்டிக்கவும் வழி உண்டு: ஏ320 வகைக்குத் தொடக்கத்தில் 48,000 சுற்றுகள், 60,000 மணி நேரம் என்றிருந்த வடிவமைப்பு இலக்கை ஏர்பஸ் பின்னர் 60,000 சுற்றுகள், 120,000 மணி நேரம் என உயர்த்தியது. நீங்கள் செய்ய வேண்டியது, உங்களிடம் உள்ள ஒவ்வொரு விமானத்துக்கும் அதன் வரம்பையும் இன்றைய கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, இப்போதைய பறப்பு வேகத்தில் எந்த ஆண்டு எந்த மாதம் வரம்பைத் தொடும் என்று கணக்கிட்டு வைப்பது.

வரம்புக்குள் இருக்கிறது என்பதால் நிம்மதியாகிவிட முடியாது. 2011 ஏப்ரல் 1 அன்று சவுத்வெஸ்ட் நிறுவனத்தின் 737-300 ஒன்று, 39,781 சுற்றுகளே முடித்திருந்த நிலையில், நடுவானில் கூரையில் ஏறத்தாழ 5 அடி நீளத்துக்குக் கிழிந்தது. தொழிற்சாலையில் அந்தத் தகட்டு இணைப்பின் ரிவெட் துளைகள் சரியாகப் பொருந்தாமல் போடப்பட்டிருந்தன என்று பின்னர் தெரியவந்தது. 2025 நவம்பர் 4 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில் 34 ஆண்டு பழமையான யூபிஎஸ் எம்டி-11 சரக்கு விமானத்தின் இடது எஞ்சின், மேலெழும்பும் வேளையிலேயே, இறக்கையோடு அதைப் பிணைக்கும் தாங்கியோடு கழன்று விழுந்தது. தாங்கியின் பிடிப்பில் சோர்வு விரிசல்கள் இருந்ததை முதற்கட்ட விசாரணை காட்டியது. கணக்கீட்டில் பிறந்த சோதனை இடைவெளிகள், உலோகம் எதிர்பார்த்தபடியே நடந்துகொள்ளும் என்ற ஊகத்தின்மேல் நிற்கின்றன. ஒரு வகை விமானத்தில் எங்கோ ஓரிடத்தில் எதிர்பாராத விரிசல் தென்பட்டது என்ற செய்தி வந்தால், உத்தரவு வரும்வரை காத்திராமல் உங்கள் விமானங்களில் அதே இடத்தைத் திறந்து பாருங்கள்.

கண்ணும் வெளிச்சமும்

பராமரிப்புச் சோதனைகளின் அமைப்பைத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்: சில நூறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஏ-செக், ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சி-செக், ஆறு முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை விமானத்தை ஏறக்குறைய எலும்புக்கூடு வரை பிரித்துப் பார்க்கும் டி-செக் என்னும் கனரகச் சோதனை. பழைய விமானத்தில் இந்த அடிப்படை அட்டவணை பெரிதாக மாறுவதில்லை. பெரிதும் மாறுவது ஒவ்வொரு சோதனையிலும் வெளிப்படும் எதிர்பாராத வேலையின் அளவு. புதிய விமானத்தின் சி-செக்கில் வேலை அட்டையில் முன்பே எழுதிய வேலைகளே பெரும்பகுதி. இருபது வயதைத் தாண்டிய விமானத்திலோ, ஒரு தரைப்பலகையை எடுத்தால் அதன் கீழே மூன்று வேலைகள் காத்திருக்கும். எனவே ஹேங்கர் என்னும் பராமரிப்புக் கொட்டகையில் ஒதுக்கும் நாட்களைப் புதிய விமானத்தின் கணக்கில் போடக் கூடாது. போட்டால், குறித்த நாளில் விமானத்தை வெளியே அனுப்ப வேண்டுமென்ற அழுத்தம் சோதனையாளரின் தலைமீது இறங்கும். சோதனையில் தவறு நுழைவது பெரும்பாலும் அந்த வழியாகத்தான்.

அரிப்பை எங்கே தேடுவது என்பதற்கு அனுபவம் தெளிவான விடை வைத்திருக்கிறது. சமையல் பகுதியின் கீழும் கழிப்பறையின் கீழும் உள்ள தரை உத்திரங்கள் முதல் இடம். சிந்திய காபியும் பழச்சாறும் கழிவுநீரும் பல ஆண்டுகளாக அங்கே இறங்கியிருக்கும். கதவுச் சட்டங்களின் அடிப்பகுதி, கூட்டின் அடிவயிறு, ஈரம் ஊறிய வெப்பத்தடுப்புப் போர்வைகள் தகட்டோடு ஒட்டி நிற்கும் இடங்கள் ஆகியவை அடுத்தவை. ஹவாயைப் போலவோ நம் சென்னை, கொழும்பைப் போலவோ உப்புக்காற்று வீசும் கடலோரத்தைத் தளமாகக் கொண்ட விமானத்துக்கு இந்தச் சோதனைகளை நெருக்கி வைப்பதே சரி. அரிப்புத் தடுப்புத் திட்டங்களில் மூன்று நிலைகள் உண்டு: அனுமதித்த ஆழத்துக்குள் சுரண்டி எடுத்துவிடக்கூடியது முதல் நிலை, அந்த ஆழத்தைத் தாண்டியதால் உறுப்பை வலுப்படுத்தவோ மாற்றவோ வேண்டியது இரண்டாம் நிலை, அதே வகை விமானங்கள் அனைத்தையும் உடனே பார்க்க வேண்டிய அளவுக்கு ஆபத்தானது மூன்றாம் நிலை. ஒரு சோதனையில் இரண்டாம் நிலை அரிப்பு கண்டால், அந்த இடத்தைச் சரிசெய்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவது பாதி வேலைதான். முந்தைய இடைவெளி நீளமாக இருந்தது என்பதே அதன் பொருள். இடைவெளியைக் குறைத்தால்தான் வேலை முடிகிறது.

விரிசலைத் தேடச் சுழல் மின்னோட்டக் கருவி, மீயொலி, எக்ஸ்-கதிர், சாயம் ஊடுருவும் சோதனை எனப் பல முறைகள் இருக்கின்றன. கருவி எதுவானாலும் அதைப் பிடித்திருப்பது மனிதக் கை. அலோகா விபத்தை விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தகடுகளை இணைத்த பசை விட்டிருந்ததையும் சோர்வு விரிசல்களையும் அந்த நிறுவனத்தின் பராமரிப்புத் திட்டம் கண்டுபிடிக்கத் தவறியதையே முதன்மைக் காரணமாகக் குறித்தது. பகலெல்லாம் பறந்த விமானங்களை இரவில்தான் சோதித்தார்கள். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்கும் வேலையை, விடியலுக்கு முன் உடல் உறக்கத்தைக் கேட்கும் நேரத்தில், கைவிளக்கின் வெளிச்சத்தில் செய்கிற மனிதரை நினைத்துப் பாருங்கள். அன்று விமானத்தில் ஏறிய பயணி ஒருவரின் கண்ணுக்கு வாசலருகே ஒரு விரிசல் பட்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த ஆண்டு, 1989 ஜூலையில், அமெரிக்காவின் சியூ சிட்டியில் 112 பேரைப் பலிகொண்ட யுனைடெட் 232 விபத்திலும், டிசி-10 விமானத்தின் எஞ்சின் விசிறித் தட்டில் இருந்த விரிசல் பட்டறைச் சோதனையில் தப்பிப் போயிருந்தது. சோதிக்கும் மனிதரின் எல்லைகளை நிறுவனம் போதுமான அளவு கருத்தில் கொள்ளவில்லை என்று வாரியம் எழுதியது.

பழைய விமானங்களுக்காகச் செலவிடும் பணத்தில் முதல் பங்கு, நல்ல வெளிச்சத்துக்கும், உறுதியான சாரத்துக்கும், சோதனையாளரின் பகல் நேர வேலைக்கும், ஒரே வேலையைத் தொடர்ந்து செய்யாதபடி மாறி மாறி ஓய்வு கொடுப்பதற்கும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. விலையுயர்ந்த கருவியை வாங்கிவிட்டு அதைத் தூக்கக் கலக்கத்தில் இருப்பவரிடம் கொடுப்பதில் பயனில்லை. 'எதுவும் இல்லை' என்று கையெழுத்திடும் சோதனையாளரைப் பாராட்டுவதைவிட, 'ஏதோ இருக்கிறது' என்று வேலையை நிறுத்துகிறவரைப் பாதுகாக்கும் பழக்கமும் நிறுவனத்தில் வேரூன்ற வேண்டும்.

பழைய ஒட்டுகள்

நீண்ட காலம் பறந்த எந்த விமானத்தின் உடலிலும் தழும்புகள் இருக்கும். உணவு வண்டி மோதியது, வால் ஓடுதளத்தில் உரசியது, பறவை இடித்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒட்டு. அந்த ஒட்டுகளுள் ஒன்று தவறாகப் போடப்பட்டிருந்தால், அது எத்தனை ஆண்டு கழித்தும் பழிவாங்கும். 1978இல் ஒசாகாவில் வால் உரசிய ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்றில், உள்ளிருக்கும் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்புறச் சுவரைப் பழுதுபார்த்தபோது, ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டிய இணைப்புத் தகட்டை இரண்டு துண்டுகளாகப் பொருத்திவிட்டார்கள். ஓரிடத்தில் இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்க வேண்டிய சுமையை ஒரு வரிசை மட்டும் தாங்கியது. ஏழு ஆண்டுகளுக்குப் பின், 1985 ஆகஸ்ட் 12 அன்று, அந்தச் சுவர் உடைந்து 520 பேர் இறந்தார்கள்.

சைனா ஏர்லைன்ஸின் 747-200 ஒன்று 1980 பிப்ரவரியில் ஹாங்காங்கில் வால் உரசியது. சேதமடைந்த தகட்டை வெட்டி எடுக்காமல், அதன் மேலேயே ஒரு தகட்டை வைத்து மூடினார்கள். அந்த மூடியும் கீறல்கள் முடிந்த இடத்துக்கு அப்பால் போதுமான அளவு நீளவில்லை. மூடியின் அடியில் கீறல்கள் விரிசலாக வளர்ந்தன. இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, 2002 மே 25 அன்று, தைவான் நீரிணைக்கு மேலே விமானம் துண்டு துண்டானது. 225 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானம் வேறொரு நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, கைமாறும் தறுவாயில் இருந்தது. விபத்துக்கு முன் எடுத்த படங்களில் அந்த ஒட்டைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை தெரிகிறது: விமானத்தில் புகைபிடிக்க அனுமதி இருந்த காலத்திலேயே அந்த விரிசல் வழியாகப் புகை வெளியே கசிந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. விமானத்தின் வெளித்தோலில் பழுப்புக் கோடு, கருப்புப் பொடி, ரிவெட் தலையைச் சுற்றிப் புகை போன்ற படிவு எதைக் கண்டாலும் துடைத்துவிட்டுப் போகாதீர்கள். அது எதிலிருந்து வருகிறது என்று தெரியும்வரை அந்த விமானத்தை விடாதீர்கள்.

நடைமுறையில் இதற்குச் செய்ய வேண்டியது, ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு ஒட்டு வரைபடம் தயாரிப்பது. விமானத்தைச் சுற்றி நடந்து, கண்ணில் படும் ஒவ்வொரு ஒட்டையும் அளந்து, படமெடுத்து, உடற்கூட்டின் எந்தச் சட்டகத்துக்கும் எந்தச் சட்டகத்துக்கும் இடையில் இருக்கிறது என்று குறியுங்கள். பிறகு பதிவேட்டில் அதற்குரிய வேலை உத்தரவைத் தேடுங்கள். உடலில் ஒட்டு இருந்து காகிதம் இல்லையென்றாலும், காகிதம் இருந்து ஒட்டு கண்ணில் படவில்லையென்றாலும் இரண்டும் சிவப்புக் கொடி. காகிதமில்லாத ஒட்டைத் திறந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்தாறு நிறுவனங்களின் கையில் இருந்துவிட்டு வரும் பழைய விமானத்தை வாங்கும்போது, விலை பேசுவதற்கு முன்பே இந்த வேலையை முடிக்க வேண்டும். விமானம் ஹேங்கருக்குள் வந்த பிறகு கிடைக்கும் உண்மைகளுக்கு நீங்கள்தான் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

உள்ளே ஓடும் கம்பிகள்

தொடக்கத்தில் சொன்ன டிடபிள்யூஏ விமானத்தின் (பயண எண் 800) விபத்தில் எரிபொருள் ஆவியைப் பற்றவைத்தது எது என்பதை முழு உறுதியுடன் சொல்ல முடியவில்லை; ஆனால் தொட்டிக்கு வெளியே ஏற்பட்ட மின்கசிவு, எரிபொருள் அளவுமானியின் கம்பி வழியாகத் தொட்டிக்குள் நுழைந்திருக்கலாம் என்பதே விசாரணையின் முடிவு. அதன் பின்னரே கம்பிகளும் மூப்படையும் என்பது விதிகளுக்குள் இடம்பிடித்தது. 2007இல் எஃப்ஏஏ கம்பி அமைப்புகளுக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டத்தையும், 2008இல் தொட்டிக்குள் நைட்ரஜன் செறிந்த காற்றைச் செலுத்தித் தீப்பிடிப்பைத் தடுக்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியது. ஹேங்கரில் இதைக் கடைப்பிடிப்பது எளிய ஒழுக்கத்தில்தான் தொடங்குகிறது: கம்பிக் கட்டுகளுக்கு அருகே துளையிடும்போது மூடிவைத்து, உலோகச் சீவல்களை உடனே உறிஞ்சி எடுக்க வேண்டும், கட்டுகளின்மேல் படியும் பஞ்சையும் தூசியையும் ஒவ்வொரு பெரிய சோதனையிலும் நீக்க வேண்டும், காய்ந்து வெடித்த உறையுள்ள கம்பியை டேப் சுற்றி விடாமல் மாற்ற வேண்டும். பழைய கம்பிகளைத் தேவையின்றி அசைப்பதும் கெடுதல்தான். பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு மற்றவற்றைத் தொடாமல் விடும் பக்குவமும் வேண்டும்.

காக்பிட் கருவிகளைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விமானத்தின் இருப்பிடத்தைத் தானே ஒலிபரப்பும் கருவியை 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்க வான்பரப்பின் பெரும்பகுதியில் கட்டாயமாக்கியது போன்ற விதிகள் வரும்போது, ஒவ்வொரு பழைய விமானத்திலும் அந்தச் செலவு திரும்பக் கிடைக்குமா என்று பாருங்கள். 747-400 விமானங்களில் 28 நாட்களுக்கு ஒரு முறை வழித்தரவுகளைப் புதுப்பிக்க மூன்றரை அங்குல பிளாப்பி வட்டுகள் பல ஆண்டுகள் பயன்பட்டுவந்தன. வேலை செய்கிறவரை அது குறையாகாது. அந்த வட்டுகளும் அவற்றைப் படிக்கும் கருவியும் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதுதான் கேள்வி.

உதிரிபாகங்களும் அவற்றின் காகிதங்களும்

தயாரிப்பு நின்றுபோன விமான வகையை நடத்துகிறவருக்கு உதிரிபாகமே உயிர்நாடி. இந்தக் கலையில் அமெரிக்காவின் டெல்டா ஏர்லைன்ஸைப் போலத் தேர்ந்த பெரிய நிறுவனம் வேறில்லை. 116 மட்டுமே உற்பத்தியான எம்டி-90 வகையைப் பிற நிறுவனங்கள் கைவிடத் தொடங்கியபோது டெல்டா அவற்றைத் தேடி வாங்கியது. சிலவற்றைப் பறக்கவிட்டது, சிலவற்றைப் பிரித்துப் பாகங்களாக்கியது. 156 மட்டுமே உற்பத்தியான போயிங் 717 வகையில், சவுத்வெஸ்ட் தனக்கு வேண்டாமென்று ஒதுக்கிய 88 விமானங்களை 2013 முதல் எடுத்துக்கொண்டது. அட்லாண்டாவில் உள்ள அதன் சொந்தப் பராமரிப்புப் பிரிவு, பிற நிறுவனங்களின் விமானங்களையும் பழுதுபார்த்து வருமானம் ஈட்டும் அளவுக்குத் திறன் கொண்டது. பழைய விமானம் டெல்டாவுக்கு இலாபம் தந்ததற்கு, மலிவாக வாங்கியது பாதிக் காரணம் என்றால், தன் கையாலேயே பழுதுபார்க்க முடிந்தது மறுபாதி. பட்டறையே இல்லாத சிறு நிறுவனம் டெல்டாவின் வழியைப் பின்பற்றப் பார்த்தால், மிச்சப்படுத்திய குத்தகைப் பணம் வெளிப் பட்டறைகளின் கட்டணமாகக் கரைந்துவிடும்.

எஞ்சினில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. அதன் சுழலும் தட்டுகளுக்கும் தண்டுகளுக்கும் சுற்று எண்ணிக்கையில் கண்டிப்பான ஆயுள் உண்டு. அது முடிந்தால் பார்வைக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் கழற்றி எறிய வேண்டும். முழுப் புதுப்பிப்புக்குப் பல மில்லியன் டாலர் செலவாகும். ஓய்வுபெறப் போகும் விமானத்துக்கு அந்தச் செலவு வீண். அதனால் ஓய்வுபெற்ற வேறு விமானங்களிலிருந்து கொஞ்சம் ஆயுள் மிச்சமிருக்கும் எஞ்சின்களை வாங்கியோ வாடகைக்கு எடுத்தோ, மீதிக் காலத்தை ஓட்டிவிடுவது துறையில் நிலைத்த வழக்கம். மூன்று ஆண்டு பறக்க வேண்டிய விமானத்துக்கு மூன்றரை ஆண்டு ஆயுள் மிச்சமுள்ள எஞ்சினைப் பொருத்திப் பார்ப்பதுதான் நல்ல திட்டமிடுவோரின் திறமை.

பாகம் அரிதாகும்போது ஏமாற்றும் நுழைகிறது. 1989இல் நார்வேயின் பார்ட்நேர் நிறுவனத்தின் கான்வேர் 580 விமானம் கடலில் விழுந்து 55 பேர் இறந்த விபத்தில், வாலைப் பிடித்திருந்த போல்ட்டுகளில் தரமற்ற போலிகள் இருந்தது தெரியவந்தது. 2023இல் லண்டனைச் சேர்ந்த ஏஓஜி டெக்னிக்ஸ் என்ற விற்பனை நிறுவனம், உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் சிஎஃப்எம்56 எஞ்சின்களின் பாகங்களைப் போலிச் சான்றிதழ்களுடன் விற்றிருந்தது அம்பலமாகி, பல நாட்டு நிறுவனங்கள் எஞ்சின்களைக் கழற்றித் தேட வேண்டியதாயிற்று. சான்றிதழில் கையெழுத்திட்டதாகச் சொல்லும் பட்டறையை நேரடியாகத் தொடர்புகொண்டு, அந்த எண்ணில் அந்தப் பாகத்தை அவர்கள் உண்மையிலேயே விடுவித்தார்களா என்று கேட்பது சில நிமிட வேலை. விலை வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தாலும், எங்கும் கிடைக்காத பாகம் ஒருவரிடம் மட்டும் உடனே கிடைத்தாலும் அந்த அழைப்பைத் தவறவே விடாதீர்கள்.

எந்த வழித்தடத்துக்கு, எத்தனை நாள்

புதிய தலைமுறை விமானம் எரிபொருளில் ஏறத்தாழ 15 விழுக்காடு மிச்சம் தருகிறது என்று தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். கடன் முழுவதும் அடைக்கப்பட்ட பழைய விமானத்துக்கோ மாதத் தவணையே இல்லை. இந்த இரண்டையும் ஒரு தராசில் வைத்தால் விடை பறக்கும் நேரத்தைப் பொறுத்தே அமையும். நாளுக்கு 12 மணி நேரம் பறக்கும் வழித்தடத்தில் எரிபொருள் மிச்சம் தவணையை வென்றுவிடும். அங்கே புதிய விமானத்தை விடுங்கள். விடுமுறைக் காலத்திலும் வார இறுதியிலும் மட்டும் தேவைப்படும் கூடுதல் இருக்கைகளுக்குப் பழைய விமானம் பொருத்தமானது. கூட்டம் குறைந்த செவ்வாய்க்கிழமையில் அதைத் தரையில் நிறுத்தி வைத்தாலும் பெரிய நட்டமில்லை, சோதனைக்கும் நேரம் கிடைக்கும். பழைய விமானங்களின் பட்டியலில் எப்போதும் ஒன்றிரண்டை மாற்று விமானமாக வைத்திருங்கள்; அவற்றில் பழுது வரும் என்பது உறுதி, எந்த நாளில் என்பதுதான் தெரியாது.

சில வேலைகளுக்குப் பழையதைத் தவிர வேறில்லை. வட கனடாவின் சரளைக்கல் ஓடுதளங்களில் நோலினோர் நிறுவனம் இன்றும் 737-200 விமானங்களையே நம்பியிருக்கிறது. முன்சக்கரத்தில் கல்தடுப்புத் தகடும், எஞ்சின் வாயில் சுழல்காற்றைக் கலைத்துக் கற்களை உறிஞ்சவிடாமல் தடுக்கும் காற்றுக் குழாயும் பொருத்த அந்த வகைக்குத்தான் ஏற்பாடு இருந்தது. பெரிய விட்டமுள்ள எஞ்சின்கள் தரையை நெருங்கித் தொங்கும் பின்னாளைய 737களுக்கு அது சாத்தியமில்லை. சுரங்க ஊழியர்களையும் தொலைதூரக் கிராமங்களுக்கான சரக்கையும் சுமக்கும் அந்த விமானங்களை வயது ஒன்றை மட்டும் காரணம் காட்டி ஒதுக்கினால், அந்த ஊர்களுக்குப் பெரிய ஜெட் விமானமே வராது. மறுபுறம், புதிது என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது: 2024 ஜனவரி 5 அன்று, பயன்படாத கதவின் இடத்தை மூடியிருந்த தடுப்பு நடுவானில் பறந்துபோன அலாஸ்கா ஏர்லைன்ஸின் 737 மேக்ஸ், சில மாதங்களுக்கு முன்புதான் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்தது.

ஓய்வு நாளைக் குறித்தல்

பழைய விமானம் எந்த நாளில் நிற்கும் என்று எழுதிவைக்காத நிறுவனம், அதை நீட்டிக்கொண்டே போகும். நாளைத் தேர்ந்தெடுக்கச் சிறந்த இடம் அடுத்த கனரகச் சோதனைக்குச் சற்று முன்பு. பல்லாயிரம் மனித மணி நேரம் விழுங்கும் அந்தச் சோதனையைச் செய்த பிறகு ஓராண்டில் விமானத்தை நிறுத்துவது பண விரயம். செய்யாமல் தள்ளிப்போட வழி தேடுவது அதைவிட மோசம். நிறுத்தப் போகிறோம் என்பதற்காகக் கடைசி ஆண்டின் சோதனைகளில் கை தளரக் கூடாது. சைனா ஏர்லைன்ஸின் 747 கைமாறும் தறுவாயில் இருந்தது என்பதை இந்த இடத்தில் நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு வகையில் பத்துப் பதினைந்து விமானங்கள் எஞ்சியிருக்கும்போது ஆண்டுக்கு இரண்டு இரண்டாக நிறுத்துவதைவிட, முடிந்தால் முழு வகையையும் குறுகிய காலத்தில் நிறுத்துவதே நல்லது. கடைசி இரண்டு விமானங்களுக்காகவும் விமானிகளின் பயிற்சி, தனிப் பாகக் கிடங்கு, அந்த வகைக்கு உரிமம் பெற்ற பொறியாளர்கள் என அனைத்தையும் முழு அளவில் வைத்திருக்க வேண்டியிருக்கும். டெல்டா, தன்னோடு இணைந்த நார்த்வெஸ்ட் நிறுவனத்திடமிருந்து வந்த டிசி-9 வகையை 2014 ஜனவரியில் நிறுத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில் தேவை சரிந்தபோது, எம்டி-88, எம்டி-90 இரண்டையும் 2020 ஜூன் 2 அன்று ஒரே நாளில் பணியிலிருந்து விடுவித்தது. அந்த வகைகளை நன்கறிந்த மூத்த பொறியாளர்கள் ஓய்வுபெறும் ஆண்டுகளையும் விமானங்களின் ஓய்வு அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். சில பழுதுகளின் ஒலியையும் மணத்தையும் கையேடுகள் சொல்வதில்லை, அவர்களே அறிவார்கள். இளையவர்களை அவர்களோடு குறைந்தது ஒரு கனரகச் சோதனையிலாவது முழுமையாக வேலை செய்ய வைத்துவிட வேண்டும்.

நிறுத்திய விமானம் கலிபோர்னியாவின் விக்டர்வில், ஸ்பெயினின் தெருவேல் போன்ற வறண்ட காற்றுள்ள இடங்களுக்குப் போகும். அங்கே எஞ்சின்கள் முதலில் கழற்றப்படும். பிறகு லேண்டிங் கியர், துணை மின் எஞ்சின், கணினிகள், கதவுகள். அந்தப் பாகங்கள் வேறு விமானங்களைப் பறக்கவைக்க வேண்டுமானால், அவற்றுள் ஆயுள் வரம்புள்ள ஒவ்வொன்றும் தொழிற்சாலையில் பிறந்த நாள் முதல் எந்த விமானத்தில் எத்தனை சுற்று இருந்தது என்பதைக் காட்டும் தொடர்ச்சியான காகிதம் உடன் போக வேண்டும். நடுவில் ஓராண்டுப் பதிவு விடுபட்டுப் போனால், ஆயுள் வரம்புள்ள எஞ்சின் தட்டு நல்ல நிலையில் இருந்தாலும் பழைய இரும்பு விலைக்குத்தான் போகும். அதனால் விமானத்தை ஒப்படைக்கும் நாளுக்குப் பல மாதங்களுக்கு முன்பே பதிவேட்டு அறையில் ஒருவரை அமர்த்தி, விடுபட்ட பக்கங்களை முந்தைய உரிமையாளர்களிடமும் பட்டறைகளிடமும் கேட்டு வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.